பின்னால் மாற்றிக்கொள்ளலாம்

கொல்லிமலையில் சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்பார்கள்; அங்கே வாழவந்தி நாட்டில் நான் குடியிருந்த அறையின் சொந்தக்காரர் மிளகு வியாபாரி. என்னைப் பற்றி யாராவது விசாரித்தால், "அவரு ஒரு பை ஆளுங்க" என்பார். என்னிடம் ஒரு தோள்பைக்கு மேல் எதுவும் கிடையாது என்பதால் வைத்த பெயர். கேலிதான், ஆனால் தப்பில்லை. எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு போர் வண்டியில் ஏறியவன் நான். வடக்கே ஊர் ஊராக ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டு, வண்டிக்கு அடியிலேயே படுத்துத் தூங்கிச் சில வருடங்கள் போயின. பிறகு திருப்பூரில் சாயப்பட்டறை. அங்கே கைத்தோல் உரிய ஆரம்பித்ததும் பெங்களூருக்குப் போய், கம்ப்யூட்டர் சாமான்கள் விற்கும் தெருவில் ஒரு மாடிக்கடையில் சேர்ந்தேன். கம்ப்யூட்டரைப் பிரிக்கவும் பூட்டவும் கற்றுக்கொண்டது அந்தக் கடையில்தான். அட்டைப் பெட்டிகளின் மேல் அச்சடித்திருந்ததைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கொஞ்சம் இங்கிலீஷும் வந்தது. இன்றைக்கும் பெட்டிகளின் மேல் இருக்கிற இங்கிலீஷ்தான் எனக்குத் தெரியும்.

கொல்லிமலைக்கு நான் திட்டம் போட்டு வரவில்லை. தங்கும் விடுதிகளில் கேமரா மாட்டுகிற ஒரு காண்ட்ராக்டரோடு வந்தேன். வேலை முடிந்து வேன் கீழே கிளம்பிய காலையில் நான் ஏறவில்லை. பெரிய காரணம் ஒன்றும் இல்லை. பனி இறங்கிக் குளிராக இருந்தது, டீக்கடையில் இன்னொரு டீ சொல்லியிருந்தேன். வேன்காரர்கள் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள்.

வியாபாரியின் கிடங்குக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஓர் அறை சும்மா கிடந்தது. மிக்ஸி, டிவி பெட்டி, செல்போன், தண்ணீர் மோட்டார் என்று பழுது பார்க்க ஆரம்பித்தேன். சோற்றுக்குக் குறைவில்லை. அறையில் எப்போதும் மிளகு வாசனை இருக்கும். பனி அடர்ந்த நாட்களில் தகரத்தின் உள்பக்கம் வேர்த்துப் படுக்கை மேல் சொட்டும். படுக்கையைச் சுவரோரம் நகர்த்திக்கொள்வேன். அவ்வளவுதான் அதற்கு வைத்தியம்.

வருகிறவர்கள் பழுதைப் பற்றிப் பேசுவார்கள். சரியாகிவிட்டால் போய்விடுவார்கள். மரியாதைக்குக் குறை வைக்கவில்லை. கிழங்கும் பலாப்பழமும் கொண்டுவந்து கொடுப்பார்கள். ஆனால் கிழங்கைக் கொடுத்துவிட்டு உட்கார மாட்டார்கள்.

முதல் வருடக் கடைசியில் ராகி அறுப்பு வந்தது. அந்த மலையில் அறுப்புக்குக் கூலி ஆள் வைப்பது குறைவு. இன்றைக்கு உங்கள் காட்டுக்கு நாங்கள் வருகிறோம், அடுத்து எங்கள் காட்டுக்கு நீங்கள் வாருங்கள் என்று வீட்டுக்கு வீடு ஆளை மாற்றிக்கொள்வார்கள். யார் யாருக்கு எத்தனை ஆள் பாக்கி என்பதை யாரும் எழுதி வைப்பதில்லை, மறப்பதும் இல்லை. நானும் வியாபாரியின் காட்டுக்கு அறுக்கப் போனேன். சும்மா இருக்கப் பிடிக்கவில்லை, கூட்டத்தோடு இருக்கலாம் என்றும் தோன்றியது. சாயங்காலம் எல்லோரும் கை கழுவிக்கொண்டு கிளம்பும்போது அவர் என் கையில் மட்டும் கூலியை வைத்தார். வேண்டாங்க, நானும் மாற்றாளாகவே இருந்துகொள்கிறேன் என்றேன். அவர் சிரித்தார். "உங்களுக்கு நாங்க எங்க வந்து திருப்பிச் செய்யறதுங்க? காடு இருக்குதா, தோட்டம் இருக்குதா? நாளைக்கே பையை மாட்டிக்கிட்டுப் போயிட்டீங்கன்னா எங்க தலை மேல கடனாவல்ல நிக்கும்?"

பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுக் கூலியை வாங்கிக்கொண்டேன். எத்தனையோ ஊர்களில் கூலிக்காக நடையாய் நடந்தவன் நான். இங்கே கேட்காமலேயே கையில் வந்தது, ஆனாலும் மனதுக்குப் பிடிக்கவில்லை. இந்த மலையில் யாராவது ஒருவர் அடுத்த வருடக் கணக்கில் என்னையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அன்றைக்குத்தான் எனக்கு ஓர் ஆசை வந்தது. ஒருவர் போதும்.

அந்த ஆசை ஒரு கம்ப்யூட்டர் ப்ராசஸரில் வந்து நிற்கும் என்று நான் நினைக்கவில்லை.

பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஓர் அம்மிணி போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் கேமரா வாங்கிக்கொண்டு ஊருக்குத் திரும்பியவர். கல்யாணம், காதுகுத்து, சீர் என்று வாழவந்தி நாட்டில் எது நடந்தாலும் அவர்தான் படம் எடுப்பார். தேவனூர் நாட்டிலிருந்தும் குண்டனி நாட்டிலிருந்தும் கூப்பிடுவார்கள். பைக்கில் கேமராவைக் கட்டிக்கொண்டு தனியாகவே போய்வருவார். அவர் வீட்டுக்காரர் போர் வண்டியில் வடக்கே இருந்தார். வருடத்துக்கு ஒரு தடவை வருவதாகச் சொல்லிப் போனவர், நான் இருந்த காலத்தில் ஒரு தடவைதான் வந்தார்.

அம்மிணியின் சங்கடம் வீடியோவில் இருந்தது. எடுப்பது இவர், வெட்டி ஒட்டிப் பாட்டுச் சேர்த்துக் கொடுப்பது கீழே நாமக்கல்லில் ஒரு ஸ்டுடியோக்காரர். முகூர்த்த மாதங்களில் கீழே இருப்பவர்களின் வேலை முடிந்த பிறகுதான் மலை வேலையை அவர் தொடுவார். பெண்ணுக்கு வளைகாப்பு நடக்கிற சமயத்தில்தான் அவள் கல்யாண வீடியோ போய்ச் சேரும். போன வருடம் ஒரு வீட்டில், பெரியவர் ஒருவர் தன் பேத்தி கல்யாண வீடியோவைப் பார்க்காமலேயே போய்விட்டார். அந்த வீட்டார் அம்மிணியோடு பேசுவதில்லை. வரும் தை மாதத்துக்கு ஐந்தாறு வீடுகளில் தேதி குறித்திருந்தார்கள். இந்தத் தடவையும் தாமதமானால் கீழே இருந்தே ஆளைக் கூப்பிட்டுக்கொள்கிறோம் என்று முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார்கள்.

அவரிடம் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. அதில் வீடியோவை ஓட்டினால் மாப்பிள்ளை தாலியோடு குனிந்தபடியே நின்றுவிடுவார். அதைச் சரிசெய்யத்தான் என்னைக் கூப்பிட்டார். திறந்து பார்த்தேன். பனி ஈரத்தில் திருகாணிகள் துருப்பிடித்திருந்தன. பழுது அதில் இல்லை. ப்ராசஸர் பழையது, அந்தப் போர்டில் அதற்கு மேல் பெரிதாக எதுவும் உட்காராது. இதை ஒன்றும் செய்ய முடியாது, புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்றேன்.

"எதை வாங்கறதுன்னு நீங்களே சொல்லுங்கண்ணா," என்றார். "கீழ போனா என் மூஞ்சியப் பாத்தே விலையை ஏத்துவானுங்க."

கட்டில் கூட வாங்காதவனிடம் இந்தக் கேள்வி கேட்கப்பட்டது எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. மூன்று நாட்கள் செல்போனில் விலைகளைப் பார்த்துக் குழப்பிக்கொண்டேன். பிறகு ஒரு மத்தியானம் அவர் ஸ்டுடியோவில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தேன். பின்னால் ஏதோ வெளிநாட்டுத் தோட்டம் அச்சடித்த திரை தொங்கிக்கொண்டிருந்தது. வெளியே அத்தனை மலையும் மரமும் இருக்க, எல்லோரும் அந்தத் திரைக்கு முன்னால் நின்றுதான் படம் எடுத்துக்கொள்வார்கள்.

நான் சொன்னது இதுதான். ப்ராசஸர் என்பது கம்ப்யூட்டரில் கணக்குப் போடுகிற சில்லு, தீப்பெட்டியைவிடச் சின்னது. அது உட்காருகிற பலகைதான் போர்டு. எந்த ப்ராசஸரும் எந்தப் போர்டிலும் உட்காராது. கம்பெனிக்காரர்கள் சில வருடங்களுக்கு ஒரு தடவை உட்காரும் இடத்தின் அமைப்பையே மாற்றிவிடுவார்கள். உங்கள் பணத்துக்கு இப்போது இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, பழைய அமைப்பில் இருக்கும் எட்டு கோர் ப்ராசஸர். எட்டு கோர் என்றால் எட்டு ஆள் சேர்ந்து வேலை செய்வது மாதிரி. விலை இறங்கியிருக்கிறது, வீடியோவுக்கு இப்போதைக்கு நல்ல வேகம். ஆனால் அந்தப் போர்டுக்கு இனிமேல் புதிதாக எதுவும் வராது. அது ஓய்ந்தால் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து வாங்க வேண்டும். இன்னொன்று, புது அமைப்பில் ஆறு கோர். போர்டும் மெமரியும் விலை கூட என்பதால் அதே பணத்துக்கு ஆறுதான் கிடைக்கும். வேகம் கொஞ்சம் குறைவு, ஆனால் தை மாத வேலைக்குப் போதும். இரண்டு மூன்று வருடம் கழித்து அந்த ஒரு சில்லை மட்டும் எடுத்துவிட்டுப் பெரிதாக ஒன்றை வைத்துக்கொள்ளலாம். மற்றதெல்லாம் அப்படியே இருக்கும்.

அம்மிணி நன்றாகக் கேட்டுக்கொண்டார். "மெளகுக் கொடி ஏத்தறதுக்கு மரம் நடற மாதிரிங்களா?" என்றார்.

கிட்டத்தட்ட அப்படித்தான், ஆனால் மரம் தானாக வளரும், போர்டு வளராது என்றேன். அவர் சிரித்தார். பிறகு இரண்டில் எது லாபம் என்று கேட்டார். இன்றைக்கு மட்டும் பார்த்தால் எட்டு, நாலைந்து வருடத்தைச் சேர்த்துப் பார்த்தால் ஆறு. என் பணமாக இருந்தால் ஆறுதான் வாங்குவேன் என்றேன்.

அவர் கேமரா மேலிருந்த பனி ஈரத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தார். அதைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "ரெண்டு மூணு வருசம் கழிச்சு மாத்தறதுக்கு ஆரு வருவாங்கண்ணா?"

நான் வருவேன் என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. பெங்களூர்க் கடையில் எத்தனையோ பேரிடம், இப்போது இதை வாங்கிக்கொள்ளுங்கள், பின்னால் மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லி விற்றிருக்கிறேன். வியாபாரத்துக்காகச் சொன்ன பொய் இல்லை, பெட்டியிலேயே போட்டிருந்தது. ஆனால் அவர்களில் ஒருவர்கூடத் திரும்பி வந்து மாற்றியதை நான் பார்த்ததில்லை. அவர்கள் வந்திருக்கலாம். அப்போது நான் அங்கே இருந்திருக்க மாட்டேன். அந்த மத்தியானம் அது ஞாபகம் வந்து என் வாயைக் கட்டிவிட்டது.

அவர் நான் பேசுவதற்குக் காத்திருந்தார். ரொம்ப நேரம் காத்திருக்கவில்லை. எனக்குச் சங்கடம் வேண்டாம் என்று நினைத்திருப்பார். "சரிங்கண்ணா, எட்டே இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு டீ வைக்க உள்ளே போனார்.

என்னைக் குறை சொல்லவில்லை. நான் அங்கே இருக்க மாட்டேன் என்பதைக் கணக்கில் வைத்து ஒரு பொருளை வாங்குகிறார், அவ்வளவுதான். மழை வரும் என்று குடை எடுப்பது போல. டீயைக் குடித்துவிட்டு அறைக்கு வந்தேன். வியாபாரி வீட்டு டிவியில் ஏதோ சிரிப்பு நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது, சுவர் வழியாகச் சிரிப்பு மட்டும் கேட்டது.

மறுநாள் முதல் பஸ்ஸில் சேலம் கிளம்பினேன். வளைவுகளில் பஸ் திரும்பத் திரும்ப முன்சீட்டுப் பெண் ஒருவர் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வந்தார். எனக்கும் ஒன்று நீட்டினார். எனக்கு வாந்தி வராது, இருந்தாலும் வாங்கிக்கொண்டேன்.

சேலத்தில் நான் போன கடை பெங்களூர்க் கடை மாதிரியேதான் இருந்தது. அதே கண்ணாடி மேஜை, அதே தெர்மாகோல் வாசனை. கடைக்காரரிடம் இரண்டு வகையையும் எடுத்துக் காட்டச் சொன்னேன். எட்டு கோர் பெட்டியை ஒரு பக்கமும், ஆறு கோர் பெட்டியை இன்னொரு பக்கமும் வைத்தார். மெமரி, போர்டு எல்லாம் சேர்த்துக் கூட்டிப் பார்த்தால் இரண்டுக்கும் விலை ஏறக்குறைய ஒன்றுதான். எந்தப் பெட்டி மேல் கை வைக்கிறேனோ அதைக் கட்டிக் கொடுத்துவிடுவார். "பாத்துக்கிட்டே இருந்தா பெருசாகாதுங்க, எதுன்னு சொல்லுங்க," என்றார்.

நான் கடைக்கு வெளியே வந்து அம்மிணிக்குப் போன் பண்ணினேன். பஸ் சத்தத்தில் காதைப் பொத்திக்கொண்டு கேட்டேன். "அம்மிணி, நான் இருப்பேன்னு சொன்னா எதை வாங்கச் சொல்லுவீங்க?"

 அந்தப் பக்கமும் பஸ் சத்தம் இருந்தது.

"எங்க ஊட்டுக்காரரும் அப்படித்தானுங்க சொல்லிட்டுப் போனாரு," என்றார். "பொய்யின்னு சொல்லலீங்கண்ணா. சொல்றப்ப அவருக்கு அது நெசந்தான். நீங்களும் நெசமாத்தான் கேக்கறீங்க, தெரியுது. ஆனா ஒரு ஆளை நம்பி மிசினு வாங்கக் கூடாதுங்க."

நான் சரி என்றேன். போனை வைக்கப் போனபோது அவரே மறுபடியும் பேசினார்.

"அதை மாத்தறது ரொம்பக் கஷ்டங்களா? நானே மாத்திக்க முடியாதுங்களா?"

கஷ்டமே இல்லை, கை நடுங்காமல் இருந்தால் போதும் என்றேன். சொல்லும்போதே தெரிந்துவிட்டது, அவர் என்னைக் கூப்பிட இருந்த ஒரே காரணத்தையும் நானே இல்லாமல் செய்கிறேன் என்று.

"அப்ப ஆறையே வாங்கிட்டு வாங்க. பூட்டறப்ப நீங்க தொட வேண்டாம். நீங்க சொல்லுங்க, நான் பண்றேன்."

அப்படித்தான் அந்த மலைக்கு ஆறு கோர் ப்ராசஸர் வந்தது. திரும்பும் பஸ்ஸில் அட்டைப் பெட்டிகளைச் சீட்டில் வைத்துவிட்டு நான் நின்றுகொண்டு வந்தேன். கண்டக்டர் லக்கேஜ் போட வேண்டும் என்றார். ஸ்டுடியோ அம்மிணிக்கு என்றதும், தன் மகள் காதுகுத்துப் படம் இன்னும் வரவில்லை என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார். லக்கேஜ் போடவில்லை.

மறுநாள் காலையில் அம்மிணி ஸ்டுடியோ கதவைச் சாத்திப் பனியை வெளியே நிறுத்தினார். மேஜை மேல் ஒரு வெள்ளைத் துணி விரித்தார். வளையலைக் கழற்றி வைத்தார். நான் ஸ்டூலில் உட்கார்ந்து கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். இல்லாவிட்டால் அவை தாமாகவே போய் வேலை செய்யும்.

போர்டில் ப்ராசஸர் உட்காரும் இடத்தில் மயிரிழை மாதிரிக் கம்பிகள் நூற்றுக்கணக்கில் நிற்கும். ஒன்று வளைந்தாலும் போர்டு போச்சு. அதனால் அதன் மேல் மூச்சுக்கூட விட வேண்டாம் என்றேன். சில்லின் ஒரு மூலையில் தங்க நிறத்தில் சின்ன முக்கோணம் இருக்கும். போர்டிலும் அதே மூலையில் ஒரு குறி இருக்கும். இரண்டையும் பார்த்து வைத்து, அமுக்காமல், தானாக உட்கார விட வேண்டும். அவர் சில்லின் ஓரங்களை இரண்டு விரலால் பிடித்து எடுத்தார். கேமரா லென்ஸைப் பிடித்துப் பழகிய கை. வைத்தார், உட்கார்ந்தது. அதன் மேல் இரும்புச் சட்டத்தை மூடிப் பக்கக் கம்பியை அழுத்திப் பூட்ட வேண்டும். அப்போது எலும்பு நொறுங்குவது மாதிரி ஒரு சத்தம் வரும். அதுவரை எல்லாம் சரியாகச் செய்தவர் அந்தச் சத்தத்தில் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஒடைஞ்சு போச்சுங்களா?"

"இல்லை. அது அப்படித்தான் கத்தும். அமுக்குங்க."

அமுக்கினார். மேலே இருந்த பிளாஸ்டிக் மூடி தெறித்து விழுந்தது. எடுத்துப் பத்திரமாக வைத்தார். பிறகு சில்லின் மேல் சூட்டைக் கடத்தும் பசையைக் கடலை அளவு வைத்து, காற்றாடியை உட்காரவைத்து, திருகாணிகளை மூலைக்கு மூலை மாற்றி மாற்றி முடுக்கினார். ஆயிற்று என்று நினைத்தேன். அவர் எல்லாவற்றையும் மறுபடி கழற்றினார். பசையைத் துடைத்தார். முதலிலிருந்து செய்தார். இந்தத் தடவை என்னைக் கேட்கவில்லை. மூன்றாவது தடவை கழற்றும்போது நான் எழுந்து வெளியே போய் நின்றேன். பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தவர்கள் உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டார்கள். அம்மிணி கம்ப்யூட்டர் பூட்டுகிறார் என்றேன். நீங்கள் ஏன் வெளியே நிற்கிறீர்கள் என்று ஒருவர் கேட்டார். சும்மா காற்று வாங்க என்று அந்தக் குளிரில் ஏதோ உளறினேன்.

மத்தியானத்துக்குள் அது ஓடியது. ஒரு கல்யாண வீடியோவைப் போட்டுப் பார்த்தார். மாப்பிள்ளை குனிந்தார், தாலி கட்டினார், நிமிர்ந்தார். எங்கேயும் நிற்கவில்லை. அம்மிணி அதையே திரும்பத் திரும்ப ஓட்டினார். முகத்தில் சிரிப்பு இருந்தது. எனக்கும் சந்தோஷம்தான்.

தை மாதத்தில் அவர் எடுத்த அத்தனை கல்யாணங்களும் அடுத்த அமாவாசைக்குள் அந்தந்த வீடுகளில் டிவியில் ஓடின. பேசாமல் இருந்த வீட்டுக்காரர்களும் ஒரு சீருக்குக் கூப்பிட்டார்கள். எனக்கு மட்டும் ஸ்டுடியோ பக்கம் போகக் காரணம் குறைந்துபோனது. ஏதாவது கோளாறு வரும், கூப்பிடுவார் என்று இருந்தேன். கோளாறு வரவில்லை. நன்றாகப் பொறுக்கி வாங்கிய சாமான்கள், நன்றாகவும் பூட்டியிருந்தார். பஸ் ஏறப் போகும்போது கதவு வழியாகப் பார்ப்பேன். திரையைப் பார்த்தபடி இருப்பார், காதில் ஹெட்போன் இருக்கும். நின்று தட்டிக் கூப்பிட என்னிடம் விஷயம் இருக்காது.

அடுத்த மழை முடிந்ததும் நான் மலையை விட்டுக் கிளம்பிவிட்டேன். சண்டை எதுவும் இல்லை. போர் வண்டியில் கூட இருந்த ஒருவர் ஓசூரில் ஒரு கம்பெனி ஸ்டோரில் ஆள் வேண்டும் என்றார். அது ஒரு சாக்கு. காலில் அந்த அரிப்பு வந்துவிட்டால் எனக்குச் சாக்கு தானாகக் கிடைக்கும். வியாபாரி அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அன்றே மிளகு மூட்டைகளை உள்ளே அடுக்கச் சொன்னார். அம்மிணி அன்றைக்குக் குண்டனி நாட்டில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். ஸ்டுடியோ பூட்டியிருந்தது. பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

ஓசூரில் நாங்கள் ஓர் அறையில் ஆறு பேர். ஷிப்ட் மாறி மாறி வருவதால் ஆறு பேரும் ஒரே நேரத்தில் விழித்திருந்து நான் பார்த்ததில்லை. ஒருவர் எழுந்த பாயில் இன்னொருவர் படுப்பார். அவர்களில் சிலரின் குரலே எனக்குத் தெரியாது.

இந்த வருடம் சித்திரையில் அம்மிணி போன் பண்ணினார். ப்ராசஸரை மாற்றிவிட்டாராம். வேலை கூடிவிட்டது, இப்போதெல்லாம் எல்லோரும் பெரிய டிவியில் பார்க்கிறார்கள், ஆறு திணறுகிறது என்று பன்னிரண்டு கோர் ஒன்றை வரவழைத்து அவரே வைத்திருக்கிறார். முதலில் திரையில் எதுவுமே வரவில்லையாம். பயந்துபோய்ப் பழையதை மறுபடி உள்ளே வைத்தாராம், அது ஓடியது. நெட்டில் தேடிப் பார்த்ததில், புது ப்ராசஸரை அடையாளம் தெரிந்துகொள்ள போர்டுக்குள் இருக்கும் மென்பொருளை முதலில் புதுப்பிக்க வேண்டும் என்று போட்டிருந்ததாம். பென் டிரைவில் அதை ஏற்றிப் புதுப்பித்துவிட்டு மறுபடி மாற்றினாராம். நான் அதைச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை. அவருக்கு அதில் கோபம் இல்லை. அதைக் கண்டுபிடித்ததில் ஒரு பெருமை இருந்தது, கேட்க நன்றாக இருந்தது.

"பழசு சும்மாதான் இருக்குதுங்கண்ணா. டப்பாவுல போட்டு வெச்சிருக்கறேன். உங்களுக்கு வேணுங்களா?"

என்னிடம் போர்டும் இல்லை, மேஜையும் இல்லை. வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றேன்.

"குடுக்கறதுக்கு ஆளு இருக்குதுங்க. உங்களுக்கு வேணுமான்னுதான் கேட்டேன்."

அறையில் மூன்று பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நான் போனோடு வராந்தாவுக்கு வந்தேன். வேண்டும் என்றேன்.

எந்த அட்ரசுக்கு அனுப்புவது என்று கேட்டார். இந்த அறையில் எத்தனை நாள் இருப்பேன் என்று எனக்கே தெரியாது. அனுப்ப வேண்டாம், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றேன். அவர் சரிங்கண்ணா என்றார். எப்போது என்று கேட்கவில்லை. கடைக்கு யாரோ வந்துவிட்டார்கள், போனை வைத்துவிட்டார்.

ஓசூரிலிருந்து சேலத்துக்குக் காலையில் நிறைய பஸ் இருக்கிறது. சேலத்தில் மலை பஸ்ஸைப் பிடித்தால் மத்தியானம் வாழவந்தி நாட்டில் இறங்கலாம். ஞாயிற்றுக்கிழமை போனால் திங்கட்கிழமை ஷிப்டுக்குத் திரும்பிவிடலாம். விசாரித்து வைத்திருக்கிறேன். இன்னும் போகவில்லை.